முடி உதிர்வுக்கு மருந்து தொடங்குகிறீர்களா? பக்க விளைவுகளைக் கவனிக்கப் படிப்படியான வழிகாட்டி

மினாக்சிடில், ஃபினாஸ்டரைடு என்ற இரண்டு மருந்துகளில் ஒன்றையோ இரண்டையுமோ தொடங்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு, கோவைக்கும் ஈரோட்டுக்கும் அலைந்து வைத்தியம் பார்த்துக்கொண்டவன்.

எனக்கு முதலில் ஒரே சீட்டில் நான்கு பொருட்களை எழுதிக் கொடுத்தார்கள்: தலையில் தடவ ஒரு திரவம், விழுங்க இரண்டு மாத்திரைகள், ஒரு ஷாம்பூ. சில வாரங்களில் மாடிப்படி ஏறினாலே நெஞ்சு படபடத்தது. மாலையில் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் காலில் குழியாக நின்றது. நான்கில் எதனால் இப்படி என்று கேட்டபோது, எழுதிக் கொடுத்த இடத்தில் பதில் இல்லை. "பழகிவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். வேறொரு தோல் மருத்துவர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, ஒவ்வொன்றாக மறுபடி தொடங்க வைத்த பிறகுதான், மினாக்சிடில் மாத்திரையின் அளவு எனக்கு அதிகம் என்பது தெரிந்தது.

ஆகவே நான் வலியுறுத்துவது இதைத்தான்: மருந்தைத் தொடும் முன் உங்கள் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதிவையுங்கள், ஒரு சமயத்தில் ஒரு மருந்தை மட்டும் தொடங்குங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்வதற்கானவை.

1. எந்த வகை உதிர்வு என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

இந்த மருந்துகள் பரம்பரையாக வரும் வழுக்கைக்கானவை. ஆண்களுக்கு நெற்றியின் இரு ஓரங்களும் பின்வாங்கும், உச்சந்தலை மெலியும். பெண்களுக்கு வகிடு அகலமாகும். இரண்டுமே மெதுவாக, ஆண்டுக்கணக்கில் நடப்பவை.

திடீரென்று கொத்துக் கொத்தாகக் கொட்டினால் கதை வேறு. டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினி கிடந்து எடை குறைத்தது, இவற்றில் ஏதாவது நடந்து இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத் தலை முழுவதும் முடி கொட்டும். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே நின்று, முடி திரும்ப முளைக்கும். அதற்குப் போய் ஃபினாஸ்டரைடு சாப்பிட்டு அதன் பக்க விளைவுகளைச் சுமப்பது தேவையே இல்லாத வேலை. இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் இப்படிக் கொட்ட வைக்கும். காசு அளவுக்கு வட்டமாக முடி போயிருந்தால் அது புழுவெட்டு. அதற்கு வைத்தியமே தனி.

நம் பக்கத்தில் முடி கொட்டினால் முதல் குற்றவாளி ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான். விடுதிக்குக் குடி வந்ததிலிருந்து கொட்டுகிறது என்று சொல்லாத ஆள் திருப்பூரில் இல்லை. உப்புத் தண்ணீரில் முடி சொரசொரப்பாகும், சிக்கு விழும், நுனியில் உடையும். நெற்றியோரம் பின்வாங்குவதற்கு அது காரணம் அல்ல. கோவையில் நல்ல தண்ணீர் என்று பெயர் பெற்ற சிறுவாணித் தண்ணீரிலேயே குளித்து வளர்ந்தவர்களுக்கும் வழுக்கை விழுகிறது. தண்ணீரை மாற்றிப் பார்க்கலாம் என்று ஆண்டுகளைக் கடத்துவதும் தவறு, தண்ணீரால் வந்த முடி உடைசலுக்கு மருந்து தொடங்குவதும் தவறு.

2. எங்கே போவது, என்ன எடுத்துச் செல்வது

தோல் நோய் மருத்துவரிடம் போங்கள். சீட்டிலும் பெயர்ப்பலகையிலும் எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு தோல் மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி., டி.டி.வி.எல். போன்ற ஒரு பட்டம் இருக்க வேண்டும். பதிவு எண்ணும் இருக்க வேண்டும். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் கணினியில் உங்கள் தலையைப் பெரிதாகக் காட்டி, ஆறு மாதத் தொகுப்புக்கு முன்பணம் கேட்டால், அவர் மருத்துவரா விற்பனைப் பிரிவு ஆளா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

கையில் பணம் குறைவாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை ஒதுக்காதீர்கள். கோவையில் திருச்சி சாலையில் இருப்பது, பெருந்துறையில் இருக்கும் ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி, சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருப்பூர், கரூர், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிகள் என்று கொங்குப் பகுதியில் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. தோல் பிரிவின் புறநோயாளிச் சீட்டுக் காலையில்தான். எந்தக் கிழமை என்று விசாரித்துக்கொண்டு, வேலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போங்கள். பனியன் கம்பெனியிலும் மில்லிலும் வேலை செய்து இ.எஸ்.ஐ. பிடித்தம் இருப்பவர்களுக்குச் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் ஒரு வழி. அங்கே நேராகப் போகாமல், உங்களுக்கு ஒதுக்கிய இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி, பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

எடுத்துச் செல்ல வேண்டியவை:

- இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் அட்டைகள். ரத்த அழுத்த மாத்திரை, இதய மாத்திரை, மனநல மருந்து எதையும் மறைக்க வேண்டாம். சித்த மருந்து, ஜிம்மில் கொடுத்த பொடி ஆகியவையும் இதில் அடக்கம்.
- கடந்த ஓராண்டின் ரத்தப் பரிசோதனை முடிவுகள்.
- ஓராண்டுக்கு முந்தைய உங்கள் புகைப்படங்கள். கல்யாண வீடுகளில் மேலிருந்து எடுத்த படம் கிடைத்தால் உச்சந்தலை நன்றாகத் தெரியும்.
- அப்பா, சித்தப்பா, தாய்மாமன், தாத்தா ஆகியோரில் யாருக்கு எந்த வயதில் வழுக்கை விழுந்தது என்ற குறிப்பு.
- ஆதார் அட்டை. அரசு மருத்துவமனைப் பதிவுக்குக் கேட்பார்கள்.

மருத்துவர் முன் உட்கார்ந்ததும் கேட்க நினைத்ததெல்லாம் மறந்துபோகும். ஆகவே மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இது பரம்பரை வழுக்கைதானா? இதில் எந்த மருந்தை முதலில் தொடங்குவது, அடுத்ததை எத்தனை வாரம் கழித்து? எந்த அறிகுறி வந்தால் உங்களைக் கேட்காமலே நிறுத்த வேண்டும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

3. மருந்துக்கு முன் உடம்பின் கணக்கு

ஒரு சிறு நோட்டு போதும். முதல் பக்கத்தில் தேதி போட்டு எழுத வேண்டியவை: ரத்த அழுத்தம், உட்கார்ந்திருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு நாடித்துடிப்பு, எடை. பிறகு தூக்கம், மனநிலை, பாலுறவில் நாட்டம், காலையில் இயல்பாக ஏற்படும் விறைப்பு எப்படி இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். கடைசி இரண்டையும் எழுதக் கூச்சமாக இருக்கும். ஆனால் ஃபினாஸ்டரைடைப் பற்றிய அச்சம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. முன்பு எப்படி இருந்தது என்ற பதிவு இல்லாவிட்டால், பின்னால் மனம் சொல்வதையெல்லாம் நம்ப வேண்டியதாகிவிடும்.

புகைப்படம் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், எண்ணெய் வைக்காத உலர்ந்த தலையோடு எடுங்கள். நெற்றி, இரு ஓரம், உச்சி, வகிடு. மாதம் ஒரு முறை போதும். தினமும் கண்ணாடியில் எண்ணிக்கொண்டிருந்தால் பயம்தான் வளரும்.

பரிசோதனைகளில் பொதுவாகக் கேட்கப்படுபவை ரத்த அணுக்கள் எண்ணிக்கை, உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச். ஃபினாஸ்டரைடு கல்லீரலில் சிதைவதால், மஞ்சள் காமாலை வந்தவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். கல்லீரல் பரிசோதனை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நடு வயதைத் தாண்டியவர்கள் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் அறிகுறி உண்டா என்று பார்க்கும் பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனையை மருந்துக்கு முன்பே எடுப்பது நல்லது. ஃபினாஸ்டரைடு அந்த எண்ணை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிடும். பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீரக மருத்துவர் ஒருவர், நீங்கள் முடிக்கு மாத்திரை சாப்பிடுவது தெரியாமல், எண் குறைவாக இருக்கிறது என்று நிம்மதியாக அனுப்பிவிடக்கூடும். அங்கே போகும்போது மறக்காமல் சொல்லுங்கள்.

பரிசோதனைக் கூடத்தில் "முடி உதிர்வுத் தொகுப்பு" என்று பெரிய பட்டியலாக நீட்டுவார்கள். மருத்துவர் எழுதியதை மட்டும் தனித்தனியாக விலை கேளுங்கள். இரண்டு கூடங்களில் விசாரித்தாலே வித்தியாசம் தெரியும்.

4. கடையில் வாங்கும்போது

பொறிகள் அதிகம் உள்ள இடம் இது.

முதலாவது, எஃப் என்ற எழுத்து. மினாக்சிடில் மட்டும் உள்ள பாட்டிலும், மினாக்சிடிலோடு ஃபினாஸ்டரைடும் கலந்த பாட்டிலும் ஏறத்தாழ ஒரே பெயரில், ஒரே மாதிரிப் பெட்டியில் வருகின்றன. பல கம்பெனிகளில் வித்தியாசம், பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் ஓர் எழுத்துத்தான். "அது இல்லீங்க, இதுவும் அதேதான்" என்று கடையில் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். பெட்டியில் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் என்னென்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஒரு பெண் தெரியாமல் கலவைப் பாட்டிலைத் தடவுவது, அதுவும் கர்ப்பமாக இருக்கும்போது, விபரீதமாகிவிடும்.

இரண்டாவது, சதவீதம். மினாக்சிடில் 2 சதவீதமும் 5 சதவீதமும்தான் நீண்ட காலமாக ஆராயப்பட்டவை. 10 சதவீதமும் விற்கிறார்கள். இரட்டிப்பு மருந்து என்றால் இரட்டிப்பு முடி என்று அர்த்தமில்லை; எரிச்சலும் அரிப்பும் கூடத்தான் வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, ஐந்து மில்லிகிராம் மாத்திரையை உடைத்துச் சாப்பிடுவது. ஃபினாஸ்டரைடு 5 மி.கி. என்பது புராஸ்டேட் வீக்கத்துக்கானது. அமெரிக்காவில் 1992-இல் அனுமதி பெற்றது. முடிக்கான 1 மி.கி. 1997-இல் வந்தது. அப்பாவுக்கு வாங்கும் மாத்திரையை நான்காக உடைத்தால் மலிவு என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. துண்டுகள் சமமாக உடையாது. உடைந்த மாத்திரையின் தூளோ வீட்டில் கர்ப்பிணி இருந்தால் ஆபத்து. 1 மி.கி. மாத்திரையே ஒன்று பத்து ரூபாயை ஒட்டிக் கிடைக்கும்போது இந்த மிச்சம் வேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, மினாக்சிடில் ஒரு வேளைக்கு 1 மி.லி., நாளைக்கு இரண்டு வேளை என்றால் 60 மி.லி. பாட்டில் சரியாக ஒரு மாதம் வரும். கம்பெனியைப் பொறுத்துச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்தை ஒட்டி வரை விலை போகிறது. மருந்தின் மூலப்பெயரைச் சொல்லி விலை குறைந்தது எது என்று கேளுங்கள். மாதச் செலவைப் பன்னிரண்டால் பெருக்கி, அதை ஆண்டுதோறும் கட்ட முடியுமா என்று பார்த்த பிறகு தொடங்குங்கள். நிறுத்தினால் கிடைத்த முடியும் போய்விடும் மருந்துகள் இவை.

பில் கட்டாயம் வாங்குங்கள். பெட்டியில் உள்ள தொகுதி எண்ணும் (பேட்ச் எண்) காலாவதித் தேதியும் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். அது எதற்கு என்பது எட்டாவது படியில் வரும். நான்கு கேள்விகளுக்குப் பதில் சொன்னால் மாதாமாதம் வீட்டுக்கே பெட்டி அனுப்பும் இணையச் சேவைகளில், எந்த மருத்துவர் எழுதினார், பக்க விளைவு வந்தால் எந்த எண்ணில் அவரே பேசுவார் என்ற இரண்டும் தெரியாவிட்டால் பணம் கட்டாதீர்கள்.

5. மினாக்சிடில்: எதிர்பார்க்க வேண்டியவை

இது முதலில் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையாக வந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலைக்குத் தடவும் மருந்தானது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பக்க விளைவுகள் எல்லாம் புரிந்துவிடும்: ரத்த நாளம் விரிவதால் படபடப்பு, தலைசுற்றல், கால் வீக்கம், வேண்டாத இடத்திலும் முடி.

தொடங்கிய இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டலாம். ஓய்வில் இருக்கும் பழைய முடிகள் உதிர்ந்து புதிய சுற்று தொடங்குவதால் இப்படி. பலர் இந்தக் கட்டத்தில்தான் பயந்து நிறுத்துகிறார்கள். இரண்டு மாதங்களைத் தாண்டியும் குறையாமல் கொட்டினால் மருத்துவரைப் பாருங்கள். பலன் தெரிகிறதா என்று முடிவு செய்ய நான்கு மாதங்களாவது வேண்டும்.

தலையில் அரிப்பு, சிவப்பு, பொடுகு போல உரிவது பலருக்கு வரும். பல நேரங்களில் குற்றம் மினாக்சிடிலுடையது அல்ல; அதைக் கரைக்கச் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைகால் என்ற திரவத்துடையது. அது இல்லாத நுரை வடிவத்துக்கு மாற்றினால் சரியாகிவிட வாய்ப்பு உண்டு. "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று கைவிடும் முன் இதைக் கேளுங்கள்.

தடவும் முறை பக்க விளைவைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். உலர்ந்த தலையில், முடியை விலக்கி, தோலில் படும்படி வையுங்கள். நெற்றியில் வழிந்தால் உடனே துடையுங்கள்; பெண்களுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் பூனை முடி வளர்வதற்கு வழிந்த மருந்தும் ஒரு காரணம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே தடவுங்கள். இல்லாவிட்டால் தலையணை வழியாக முகத்துக்கும், பக்கத்தில் படுக்கும் குழந்தைக்கும் போகும். இந்தத் திரவத்தில் ஆல்கஹால் இருப்பதால், தடவிய ஈரத்தோடு அடுப்படிக்கோ விளக்கேற்றவோ போகாதீர்கள்.

பழனிக்கு மொட்டை வேண்டுதல் உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். கத்தி பட்ட தலையில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். அதன் மேல் மினாக்சிடில் வைத்தால் எரிவதோடு, வழக்கத்தைவிட அதிக மருந்து ரத்தத்தில் கலக்கும். தோல் முழுதாக ஆறும் வரை சந்தனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வெயிலில் தோல் கன்றியிருக்கும்போதும் அப்படியே. இடையில் சில நாட்கள் விடுவதால் எல்லாம் வீணாகிவிடாது.

மாத்திரையாகச் சாப்பிடும் குறைந்த அளவு மினாக்சிடில் இப்போது பரவலாக எழுதப்படுகிறது. முடிக்கென்று முறைப்படி அனுமதி பெற்ற பயன்பாடு அல்ல அது. மருத்துவரின் கணிப்பில் கொடுக்கப்படுவது. அது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரத்த அழுத்தமும் நாடியும் பார்க்காமல், இதய நோய் உண்டா என்று கேட்காமல் எழுதிக் கொடுத்தால் அந்தச் சீட்டை மடித்து வைத்துவிட்டு வேறு மருத்துவரைப் பாருங்கள். சாப்பிடத் தொடங்கினால் முதல் மாதம் முழுவதும் காலையில் எடையும் நாடியும் எழுதுங்கள். மாலையில் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பாருங்கள்.

நெஞ்சு வலி, ஓய்விலும் வேகமான துடிப்பு, மயக்கம், காரணமின்றிச் சட்டென்று ஏறும் எடை, கை கால் முக வீக்கம், மூச்சிரைப்பு: தடவுகிறவராக இருந்தாலும் விழுங்குகிறவராக இருந்தாலும் நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

6. ஃபினாஸ்டரைடு: அஞ்ச வேண்டிய அளவு எவ்வளவு

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை டிஹெச்டி என்ற இன்னொரு ஹார்மோனாக மாற்றும் நொதியை இது தடுக்கிறது. அந்த டிஹெச்டிதான் மரபில் வழுக்கை உள்ளவர்களின் முடி வேர்களைச் சுருக்குகிறது. காரணத்தையே தொடுவதால் பலன் உண்டு. ஹார்மோனைத் தொடுவதால் அச்சமும் உண்டு.

அனுமதிக்கு முந்தைய ஆய்வுகளின் முதல் ஆண்டுக் கணக்கு மருந்தின் விவரத்தாளிலேயே இருக்கிறது. பாலுறவு நாட்டம் குறைந்தவர்கள் மருந்து சாப்பிட்டவர்களில் 1.8 சதவீதம், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 1.3 சதவீதம். விறைப்புக் குறைபாடு 1.3 சதவீதம், வெற்று மாத்திரையில் 0.7 சதவீதம். விந்தின் அளவு குறைவதும் உண்டு. பெரும்பாலோருக்கு நிறுத்தினால் சரியாகிறது, சிலருக்குத் தொடர்ந்து சாப்பிடும்போதே சரியாகிறது.

எல்லோருக்கும் அப்படி இல்லை. மருந்தை நிறுத்திய பிறகும் பாலுறவுக் குறைபாடுகள் நீடித்ததாக வந்த புகார்களை வைத்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இல் விவரத்தாளில் அதைச் சேர்க்கச் செய்தது. எத்தனை பேருக்கு, ஏன் என்பதற்கு இன்னும் திட்டமான விடை இல்லை. 2025 மே மாதத்தில் ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு, தற்கொலை எண்ணம் ஃபினாஸ்டரைடு மாத்திரைகளின் பக்க விளைவு என்று உறுதி செய்தது. வந்த புகார்களில் பெரும்பாலானவை முடிக்காக 1 மி.கி. சாப்பிட்டவர்களிடமிருந்து வந்தவை. "அதெல்லாம் மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

மனதுக்கும் பங்கு உண்டு என்பதும் உண்மைதான். புராஸ்டேட் நோயாளிகளிடம் நடந்து 2007-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், எல்லோருக்கும் 5 மி.கி. ஃபினாஸ்டரைடே கொடுக்கப்பட்டது. பாலுறவுப் பக்க விளைவு வரலாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களில் 43.6 சதவீதம் பேரும், சொல்லப்படாதவர்களில் 15.3 சதவீதம் பேரும் அத்தகைய பாதிப்பைத் தெரிவித்தார்கள். இதைப் படித்துவிட்டுத் தெரியாமலே சாப்பிடுவது மேல் என்று முடிவு செய்யாதீர்கள். மூன்றாம் படியில் எழுதச் சொன்ன நோட்டு இதற்காகத்தான். மனம் பதறும்போது நினைவை நம்ப முடியாது, கையெழுத்தை நம்பலாம்.

என் கருத்தில், மனச்சோர்வுக்கு முன்பு வைத்தியம் பார்த்தவர்கள் அதைத் தோல் மருத்துவரிடம் சொல்லாமல் இந்த மாத்திரையைத் தொடங்கவே கூடாது. மற்றவர்களும் வீட்டில் ஒருவரிடம், மனைவியோ அண்ணனோ அறைத் தோழனோ, சொல்லிவையுங்கள்: "இந்த மாத்திரை சாப்பிடுகிறேன், நான் சுணங்கிப்போனது போலத் தெரிந்தால் என்னிடம் சொல்லுங்கள்." மனம் இருண்டுபோவது அதில் இருப்பவருக்குக் கடைசியில்தான் தெரியும். வாழ்வதில் அர்த்தமில்லை என்ற நினைப்பு ஒரு முறை வந்தாலும் மாத்திரையை நிறுத்துங்கள், அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மார்பில் வலி, கட்டி, காம்பில் கசிவு வந்தால் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

தடவும் ஃபினாஸ்டரைடு பாதுகாப்பானது என்று விற்பதை அப்படியே நம்ப வேண்டாம். ரத்தத்தில் கலக்கும் அளவு குறைவாக இருக்கலாம். கலக்கவே கலக்காது என்று இல்லை. இதே வகையைச் சேர்ந்த டியூடாஸ்டரைடு என்ற மருந்து இன்னும் வலுவானது. ஃபினாஸ்டரைடு சில நாட்களில் உடம்பை விட்டுப் போய்விடும். டியூடாஸ்டரைடு பாதியாகக் குறையவே ஐந்து வாரங்கள் ஆகும். பக்க விளைவு வந்தால் அது மாதக்கணக்கில் கூடவே இருக்கலாம் என்பதால், முதல் மருந்தாக அதை எழுதினால் ஏன் என்று கேளுங்கள்.

7. திருமணம், குழந்தை, வீட்டிலுள்ளவர்கள்

நம் பக்கத்தில் ஆண்கள் முடிக்கு வைத்தியம் தேடி ஓடுவது பெரும்பாலும் பெண் பார்க்கத் தொடங்கும்போதுதான். ஜாதகம் எடுத்த கையோடு மாத்திரையும் தொடங்குகிறார்கள். மருந்தின் பலன் தெரிய ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும். அடுத்த முகூர்த்தத்துக்குள் முடி வந்துவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

குழந்தைக்கு முயலும் ஆண்கள் ஃபினாஸ்டரைடைப் பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள். சிலருக்கு விந்தணு எண்ணிக்கை குறைகிறது, நிறுத்தினால் சில மாதங்களில் மீள்கிறது. கருத்தரிப்பு மையத்துக்குப் போய்ப் பெரிய செலவில் இறங்கும் முன், முடிக்கு மாத்திரை சாப்பிடுவதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அங்கே பெரும்பாலும் மனைவியிடமிருந்துதான் பரிசோதனைகளைத் தொடங்குகிறார்கள். கணவனின் மாத்திரையை யாரும் கேட்பதில்லை.

கர்ப்பிணிகளும் கர்ப்பமாக வாய்ப்புள்ளவர்களும் உடைந்த ஃபினாஸ்டரைடு மாத்திரையைத் தொடக்கூடாது. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். உடையாத மாத்திரையின் மேல் பூச்சு காக்கும். தனிப் பெட்டியில், பூட்டி வையுங்கள். கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் மினாக்சிடிலும் வேண்டாம். பிரசவத்துக்குப் பின் கொட்டும் முடி தானாகவே திரும்பும்.

தலையில் மருந்து ஈரமாக இருக்கும்போது கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்ளாதீர்கள். பெற்றோர் தடவிய மினாக்சிடில் பட்டுக் குழந்தைகளின் உடம்பெங்கும் முடி வளர்ந்தது ஐரோப்பாவில் பதிவாகியிருக்கிறது. வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம். நக்கிய சிறு அளவே அதன் உயிரைப் பறிக்கக்கூடும்.

ரத்த தானம் செய்கிறவர்கள் ஃபினாஸ்டரைடை நிறுத்தி ஒரு மாதமும், டியூடாஸ்டரைடு என்றால் ஆறு மாதமும் கழித்துக் கொடுங்கள். அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம். முகாமில் கொடுக்கும் படிவத்தில் மருந்துகள் பற்றிய கேள்வியை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள்.

8. பக்க விளைவு வந்துவிட்டால்

மேலே சொன்ன ஆபத்தான அறிகுறிகள் என்றால் முதலில் நிறுத்துங்கள். அரிப்பு, லேசான நாட்டக் குறைவு போன்றவை என்றால் தேதியோடு எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நோட்டின் முதல் பக்கத்தையும் இன்றைய பக்கத்தையும் அருகருகே காட்டுங்கள். எனக்கு இரண்டாவது மருத்துவரிடம் உதவியது இப்படி எழுதிய எண்கள்தான். "படபடப்பாக இருக்கிறது" என்று சொன்னபோது கிடைக்காத கவனம், நாடி எண்ணைக் காட்டியபோது கிடைத்தது.

அடுத்து, புகார் பதிவு. மருந்துகளின் பக்க விளைவுகளைச் சேகரிக்க இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. மருத்துவர் மட்டுமல்ல, மருந்து சாப்பிட்டவரே நேரடியாகத் தெரிவிக்கலாம். கட்டணமில்லாத் தொலைபேசி 1800-180-3024. வேலை நாட்களில் பகலில் அழையுங்கள். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. பல மருத்துவக் கல்லூரிகளில் இதற்கென்றே கண்காணிப்பு மையங்கள் செயல்படுகின்றன. மருந்தியல் துறையில் விசாரித்தால் சொல்வார்கள்.

கேட்கும் விவரங்கள்: உங்கள் பெயரின் முதலெழுத்துகள், வயது, என்ன பாதிப்பு, எந்தத் தேதியில் தொடங்கியது, எந்த மருந்து, தெரிவிப்பவர் யார். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருந்தால் புகாருக்கு வலு கூடும். பெட்டியைப் படம் எடுக்கச் சொன்னது இதற்குத்தான். நஷ்டஈடு எதுவும் கிடைக்காது. அதற்கான இடம் இது அல்ல. ஆனால் விவரத்தாளில் ஓர் எச்சரிக்கை ஏறுவது இப்படி ஒவ்வொருவராகத் தெரிவித்த பிறகுதான்.

9. நிறுத்துவதும் மாற்றுவதும்

இரண்டு மருந்துகளும் சாப்பிடுகிறவர்கள் ஒரே நாளில் இரண்டையும் கைவிட்டால், எதனால் என்ன சரியானது என்று தெரியாது. ஆபத்து இல்லாத நிலையில் சந்தேகப்படும் ஒன்றை மட்டும் நிறுத்தி, மருத்துவர் சொல்லும் காலம் வரை பாருங்கள். மறுபடி தொடங்குவதாக இருந்தால் குறைந்த அளவில், தனியாக, நோட்டில் புதிய பக்கத்தோடு தொடங்குங்கள்.

மினாக்சிடிலை நிறுத்தினால் மூன்று நான்கு மாதங்களில் அதனால் வந்த முடி உதிர்ந்துவிடும். ஃபினாஸ்டரைடின் பலன் ஓராண்டுக்குள் மறையும். மருந்து இல்லாமல் இருந்திருந்தால் எந்த நிலைக்கு வந்திருப்பீர்களோ அங்கே வருவீர்கள், அதைவிட மோசமாகாது. உதிரத் தொடங்கும் அந்த மாதங்களில் பதறி, சந்தையில் விற்கும், உள்ளடக்கம் அச்சிடாத எண்ணெய்க்கோ, விளம்பரத்தில் பார்த்த ஊசிக்கோ ஓடாதீர்கள். அதுவரை வாங்கிய சீட்டு, பில், பரிசோதனை முடிவு, நோட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். அடுத்து பார்க்கப்போகும் மருத்துவரிடம் முதலில் அந்த உறையைக் கொடுங்கள்.